ஒளி எந்தப் பக்கம் ஆடுகிறது?

போலராய்டு கண்ணாடி அணிந்துகொண்டு கைப்பேசித் திரையைப் பார்த்தபடி தலையைச் சாய்த்தால், பல திரைகள் ஏதோ ஒரு கோணத்தில் கறுத்துப்போகும். திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. கண்ணாடி அதற்குக் குறுக்கே திரும்பியதும் வழி அடைபடுகிறது. ஒளி இப்படி ஒரே தளத்தில் அதிர்வதுதான் தளவிளைவு.

ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது கேமரா சில்லுக்குத் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டுமே அது எண்ணும். முன்பெல்லாம் லென்ஸுக்கு முன்னால் ஒரு வடிகட்டியை வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுப்பார்கள். இடையில் பொருள் நகர்ந்துவிட்டால் கணக்கு போச்சு!

அதனால் வடிகட்டியைச் சில்லுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். சோனியின் ஐஎம்எக்ஸ்250எம்இசட்ஆர் உணரியில் ஒரு பிக்சலின் அகலம் 3.45 மைக்ரோமீட்டர். ஒவ்வொன்றின் மேலும் சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய உலோகக் கம்பிகள். அவற்றின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. கம்பிகளுக்கு இணையாக ஆடும் ஒளிதான் சந்தில் நுழைந்து போகும் என்று தோன்றும். நடப்பது நேரெதிர். மின்புலம் கம்பியோடு இணையாக இருந்தால் எலக்ட்ரான்கள் கம்பி நெடுக ஓடி, ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். குறுக்கே ஆடினால் அவை ஓட இடமில்லை. ஒளி உள்ளே போய்விடும்.

பக்கத்துப் பக்கத்து நான்கு பிக்சல்களில் இந்தச் சீப்புகள் 0, 45, 90, 135 டிகிரி ஒளியை விடும்படி திரும்பியிருக்கும். அவை முறையே 90, 60, 30, 60 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 0-ஐயும் 90-ஐயும் ஓர் இணையாக, 45-ஐயும் 135-ஐயும் மற்றோர் இணையாகக் கூட்டினால் ஒவ்வொன்றிலும் 120தான் வருகிறது. வராவிட்டால் எங்கோ பிழை. முதல் இணையின் வித்தியாசம் 60, மற்றதில் பூஜ்யம். ஆக, 120-இல் 60, அதாவது ஒளியில் பாதி தளவிளைவு பெற்றது, அதன் திசை 0 டிகிரி. 1852-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் தந்த, தளவிளைவை எண்களால் விவரிக்கும் அளவுருக்கள்தான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

சரி, இதனால் என்ன லாபம்? கண்ணாடிப் பரப்பில், அதன் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரியில் பட்டுத் திரும்பும் ஒளி ஏறக்குறைய முழுதும் ஒரே தளத்தில் அதிரும். அதைப் பிரித்தறிந்தால் கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பைக் கழித்து, உள்ளே இருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. நான்கு பிக்சல்களும் உண்மையில் ஒரே புள்ளியைப் பார்ப்பதில்லை. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில் இரண்டு பிக்சல் இருட்டிலும் இரண்டு வெளிச்சத்திலும் விழுந்தால், இல்லாத தளவிளைவு இருப்பதாகக் காட்டும். பக்கத்துப் பிக்சல்களை வைத்து இடைக்கணித்து இதை ஓரளவு சரிக்கட்டுகிறார்கள்.

அப்புறம், சுழன்றுகொண்டே வரும் வட்டத் தளவிளைவு ஒளி. அது விழுந்தால் நான்கும் 60 என்றே காட்டும், சாதாரண ஒளிக்குக் காட்டுவதுபோலவே. அதைப் பிடிக்கக் கம்பிகளுக்கு மேல், சுழலும் ஒளியை ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாற்றும் கால் அலைத் தகடு ஒன்று வேண்டும். மாண்டிஸ் இறால் வகைகள் சிலவற்றின் கண்ணில் அந்த வேலையை ஒரு செல்லே செய்துவிடுகிறது.