தரங்கம்பாடி: ‘பாடி’ என்றால் ஊர்

தரங்கம்பாடி என்றால் ‘பாடும் அலைகளின் நாடு’ என்று பொருளாம். சுற்றுலாக் கையேடு, நாளிதழ் இணைப்பு, யூடியூப் காணொளி, எதை எடுத்தாலும் முதல் வரி இதுதான். அந்த ஊரின் பழைய டேனியர் கோட்டையைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒருவர் இதையே சொல்ல, பிள்ளைகள் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. அந்த விளக்கம் தவறு.

சொல் இரண்டு துண்டு. தரங்கம் என்பது அலை, வடசொல். பாடி என்பது ஊர், குடியிருப்பு, தமிழ்ச் சொல். சேர்த்தால் அலையூர், அலைக்கரை ஊர். சொல்லில் இருப்பது இவ்வளவே.

பாடி நமக்கு அயலான சொல்லா? எடப்பாடி, வாழப்பாடி, குறிஞ்சிப்பாடி, காட்பாடி, வியாசர்பாடி என்று வடதமிழகம் முழுக்க இறைந்து கிடக்கிறது. சென்னையில் பாடி என்றே ஓர் ஊர் உண்டு. ஆண்டாள் ‘சீர்மல்கும் ஆய்ப்பாடி’ என்றது ஆயர்கள் வாழும் ஊரை. படை தங்கும் இடம் பாடிவீடு. எடப்பாடிக்கும் வாழப்பாடிக்கும் யாரும் பாட்டை வைத்துப் பொருள் சொல்வதில்லை. கடற்கரையில் இருப்பதால் தரங்கம்பாடிக்கு மட்டும் சொல்லிவிடுகிறோம்.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுமொழி, “வானம்பாடி இல்லையா?” என்பது. நல்ல கேள்விதான். வானம்பாடியில் வரும் பாடி, பாடுகிற பறவையைக் குறிக்கிறது. அந்த வழியிலேயே போனால் தரங்கம்பாடி என்பது அலையில் பாடுகிற, அல்லது அலையைப் பாடுகிற ஒரு பறவையோ ஆளோ ஆகும். பாடுவது அலை என்றும் ஆகாது, ‘நாடு’ என்ற பொருளும் கிடைக்காது. அலை பாடுகிறது என்று சொல்ல ‘பாடும் தரங்கம்’ என்று இருக்க வேண்டும். அப்போதும் நாட்டுக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். ஒரே பாடியை முதலில் ‘பாடும்’ என்று பெயர்த்து, பிறகு அதையே ‘நாடு’ என்றும் எண்ணிக்கொள்வது, ஒரு சொல்லுக்கு இரண்டு முறை கூலி கேட்பது போன்றது.

இன்னொரு சான்று ஊர்க்காரர் வாயிலேயே இருக்கிறது. தரங்கம்பாடியைச் சுருக்கித் தரங்கை என்கிறோம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயரைத் தரங்கைப் பேராயர் என்றுதான் அழைக்கிறார்கள். நாகப்பட்டினம் நாகை ஆனது, புதுச்சேரி புதுவை ஆனது, தஞ்சாவூர் தஞ்சை ஆனது. மரூஉவில் உதிர்வது பட்டினம், சேரி, ஊர் போன்ற பொதுச்சொல். நிற்பது சிறப்புப் பெயர். இங்கே உதிர்ந்தது பாடி. பாட்டுதான் பெயரின் உயிர் என்றால் அதையா முதலில் விட்டிருப்பார்கள்?

அந்தக் கரையில் நின்று கேட்டால் மீனவர் யாரும் அலை பாடுகிறது என்று சொல்வதில்லை. கடல் இரையும், கொந்தளிக்கும். ‘பாடு’ என்ற ஒலி அவர்கள் பேச்சில் உண்டு. அது மீன்பாடு, அன்றைக்கு வலையில் கிடைத்தது.

ஒரு சிக்கலை மட்டும் மறைக்கக்கூடாது. இலக்கண மரபில் பாடி முல்லை நிலத்து ஊர். நெய்தலுக்கு உரியவை பாக்கமும் பட்டினமும். கடற்கரையில் பாடி எப்படி வந்தது? விடை, அலைகள் அரித்துக்கொண்டே வந்த மாசிலாமணிநாதர் கோயிலில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. அரசன் பெயரால் குலசேகரப் பட்டினம் என்றும் சொல்கிறது. சடங்கன் ஆளின் பெயர்போல ஒலிக்கிறது. அவன் யாரென்று மறந்துபோன பிற்காலத்தவர், கண்ணெதிரே இருந்த கடலை வைத்துச் சடங்கனைத் தரங்கம் ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. முன்பாதி மாறியது, பாடி அசையவில்லை. சடங்கன்பாடி என்று எழுதிப் பார்த்தால் பாட்டுக்கு அங்கே இடமே இல்லை.

பிறகு டேனியர் வந்தார்கள். 1620இல் டேனியக் கடற்படைத் தலைவர் ஓவே கியெட்டே தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கோட்டை கட்டினார். பாடியின் டகரம் அவர்கள் காதில் ரகரமாக விழுந்து ஊர் ட்ராங்கேபார் ஆனது. கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் டேன்ஸ்போர்க்; போர்க் என்றாலே டேனிய மொழியில் கோட்டை. ஆகவே நம் கையேடுகள் எழுதும் ‘டேன்ஸ்போர்க் கோட்டை’யில் கோட்டை இரண்டு முறை வருகிறது. ஊர் மக்கள் டேனிஷ் கோட்டை என்கிறார்கள். அதுதான் தெளிவு.

பாடும் அலை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் யாரோ அழகாக ஒரு வரி எழுதினார்கள். நம்மவர்கள் அந்த ஆங்கில வரியைத் தமிழாக்கி, அதையே தமிழ்ப் பெயரின் பொருள் என்று நமக்குத் தருகிறார்கள். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழ் அகராதியைத் திறக்காத மொழிபெயர்ப்பாளர் பெருகிவிட்டார்கள். இதே கையேடுகள்தான் ‘ஓசோன் நிறைந்த கடற்காற்று’ என்றும் எழுதுகின்றன. தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கேடு என்பதை எழுதுகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சொல்வதற்கா இந்த ஊரில் பஞ்சம்? 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகம், 1715இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், 1792இல் கட்டிய நகர வாசல், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றது. பக்கத்தில் பொறையாற்றருகே கடுதாசிப்பட்டறை என்றோர் இடம் உண்டு. அச்சகத்துக்குக் காகிதம் செய்த பட்டறையின் நினைவு அந்தப் பெயர். அதற்குப் பொருள் சொல்லும் கையேட்டை நான் பார்த்ததில்லை.

தரங்கத்துக்குத் தனித்தமிழ் வேண்டும் என்பவர்களுக்குச் சில சொல் உண்டு. திரை என்றாலும் அலைதான்; திரைப்பாடி சரியான சொல், ஆனால் இன்று திரை என்றால் சினிமா நினைவுக்கு வரும். ‘அலைபாடி’ மறுபடியும் பாட்டில் கொண்டுபோய் விடும். திருச்செந்தூரின் பழம்பெயரான சீரலைவாயை ஒட்டி அலைவாய்ப்பாடி எனலாம். குழப்பம் இல்லாதது அது. பெயரை மாற்றச் சொல்லவில்லை, பொருள் சொல்லும்போது சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன். கையேட்டில் திருத்த வேண்டியது ஒரு வரி: ‘தரங்கம்பாடி, அலைக்கரை ஊர், கல்வெட்டில் சடங்கன்பாடி.’