டிஎன்ஏ சோதனைக்கு முன் ஆச்சியைக் கேளுங்கள்

மரபணு ஆலோசகராக நான் காரைக்குடியில் உட்காரும் நாட்களில் வருபவர்களில் பெரும்பாலோர் கர்ப்பகாலச் சோதனைக்கோ, சொந்தத்தில் கல்யாணம் பேசலாமா என்று கேட்கவோ வருகிறவர்கள். கொஞ்ச காலமாக இன்னொரு வகையினரும் வருகிறார்கள். போனை நீட்டி, "டாக்டர், இதுல இருக்கிறவர் எனக்கு என்ன முறை?" என்று கேட்பார்கள். (நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் மாற்றிக்கொள்வதில்லை.) திரையில் ஒரு வெளிநாட்டு டிஎன்ஏ நிறுவனத்தின் பக்கம் இருக்கும். அதில் முன்பின் தெரியாத ஒருவர் பெயரும், நெருங்கிய உறவு என்ற குறிப்பும் இருக்கும்.

கோலாலம்பூரில் பிறந்து, தாத்தா செட்டிநாட்டுக்காரர் என்பது மட்டும் தெரிந்த பேத்திகள் வருகிறார்கள். கைக்குழந்தையாக ஐரோப்பாவுக்குத் தத்துப் போய், இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள் வருகிறார்கள். இங்கேயே பக்கத்து ஊரில் வளர்ந்து, அம்மா காலமான பிறகு பீரோவில் கிடைத்த ஒரு காகிதத்தைப் பார்த்துத் தாம் அந்த அம்மா பெற்ற பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டவர்களும் உண்டு. எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். நீங்கள் தேடிப் பிடித்த ஆள் சரியான ஆள்தானா என்று டிஎன்ஏ சொல்லும். ஆளைத் தேடிப் பிடிக்கும் வேலையை, நம் பக்கத்தைப் பொறுத்தவரை, அதனிடம் விடாதீர்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களுக்குப் பணமும் போகிறது, நிம்மதியும் போகிறது.

காரணம் எளிது. இந்தச் சோதனை உங்கள் எச்சிலை உலகத்தோடு ஒப்பிடுவதில்லை. அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே பணம் கட்டிச் சோதித்தவர்களோடுதான் ஒப்பிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும். புதுவயலிலோ பள்ளத்தூரிலோ இருக்கும் உங்கள் சித்தப்பா அதில் துப்பியிருக்கப் போவதில்லை.

அப்படியே யாராவது அகப்பட்டாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. இருவர் பகிரும் மரபணுப் பகுதியை சென்டிமார்கன் என்ற அலகில் அளக்கிறார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையே 3,400 முதல் 3,500 வரை வரும். கூடப் பிறந்தவர்களுக்கு 2,600 வாக்கில். தாத்தா பேரன், தாய்மாமன் மருமகன், அப்பா ஒருவராகவும் அம்மா வேறாகவும் உள்ள பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் 1,700 வாக்கில். பெரியப்பா பிள்ளை, அத்தை பிள்ளை என்றால் 850. கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் ஒன்றானவர்களுக்கு 230. இதெல்லாம் கணவன் மனைவி இருவரும் ஒருவருக்கொருவர் உறவில்லாத குடும்பங்களுக்குப் பொருந்தும் கணக்கு. அத்தை மகளைக் கட்டுவதும், அக்கா மகளைக் கட்டுவதும், தலைமுறை தலைமுறையாக அதே சில ஊர்களுக்குள் கொண்டு கொடுப்பதுமாக வாழ்ந்த நமக்கு அது அப்படியே பொருந்தாது. ஆறேழு தூரத்து வழிகளில் வந்த சின்னச் சின்னத் துண்டுகள் கூடி, தூரத்து உறவு நெருங்கிய உறவுபோலக் காட்டும். அதனால்தான் மொத்த எண்ணைவிட, மிக நீளமான துண்டு எவ்வளவு என்பதை நான் முதலில் பார்க்கிறேன். சிறு துண்டுகளாகவே சேர்ந்து 200 வந்தால் அதன்மேல் குடும்ப மரம் எதையும் கட்ட வேண்டாம்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒரு கதை சொல்கிறேன். தேவகோட்டைப் பக்கம் வளர்ந்த ஒருவருக்கும் சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருக்கும் பகிர்வு 1,700ஐ ஒட்டி வந்தது. வயது வித்தியாசமும் அதிகமில்லை. 'அப்பா மட்டும் ஒன்றான சகோதரர்' என்று நிறுவனமே எழுதிவிட்டது. சிங்கப்பூர்க்காரர் அன்று இரவே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததா என்று கேட்டுவிட்டார். எண்பது வயது அம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகுதான் என்னிடம் வந்தார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுல பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்காங்களா?" எடுத்திருந்தார்கள். சிங்கப்பூர்க்காரரின் அத்தையைக் கட்டியவர் அவருடைய சொந்தத் தாய்மாமன்தான். அந்தத் தம்பதியின் பிள்ளைகள் இவருக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் உறவு. இரண்டு 850 சேர்ந்தால் 1,700. அப்பா மட்டும் ஒன்றானவர்களுக்குக் குரோமோசோம் ஜோடியில் ஒரு பக்கம் மட்டுமே ஒத்துப்போகும். இவர்களுக்குச் சில இடங்களில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. கஷ்டமான ஒரு காலத்தில் அத்தை தன் ஐந்தாவது குழந்தையைப் பிள்ளையில்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்; அந்தக் குழந்தைதான் தேவகோட்டைக்காரர். சிங்கப்பூர்க்காரரின் அப்பா மேல் எந்தத் தப்பும் இல்லை.

சரி, டிஎன்ஏ இல்லாமல் எப்படித் தேடுவது? நம் பக்கம் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த பக்கம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு என்றால், கல்யாணத்துக்குக் குலக்கோயிலிலிருந்து மாலை வரும்; அதற்குக் கோயிலில் பதிவு உண்டு. கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்தில் இரண்டு வீட்டுப் பெயரும் ஊரும் இருக்கும். பிள்ளை கூட்டுவதும், அதாவது தத்தெடுப்பதும், இங்கே ஒளிவுமறைவான காரியமில்லை; உறவைக் கூட்டி வைத்து, எழுதிச் செய்வார்கள். பங்காளி வீட்டிலிருந்து கூட்டிய பிள்ளைக்கு வளர்த்த அப்பச்சியோடும் (அப்பாவோடும்) மரபணு ஒத்துப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண் வழியில் ஏறக்குறைய மாறாமல் இறங்கும் ஒய் குரோமோசோமைச் சோதித்தாலும் பெற்றவர், வளர்த்தவர், பங்காளிகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விட, விலாசம். முகவரி இல்லை, பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல்கள். அந்த எழுத்துகளில் பாட்டன் பூட்டன் பெயர்கள் அடுக்கி நிற்கின்றன. மலேசியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இருந்தது ஒரு பழைய போட்டோவும் ஒரு பித்தளைத் தூக்கும். தாத்தா வட்டிக்கடைக்காரர், பாட்டி சீனப் பெண். கடல் கடந்து கடைக்குப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவதும், மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பதும் அந்தக் கால வழக்கம். அங்கேயும் ஒரு வீடு என்பது எல்லார் கதையும் இல்லை, சிலர் கதை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி அந்தத் தூக்கைக் கவிழ்த்து, அடியில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்கள். "இது எங்க பங்காளி வீட்டு விலாசம்ல? அவுக வீடு பூட்டிக் கெடக்கு. மக மதுரையில இருக்காக" என்றார்கள். எந்த டேட்டாபேஸும் அதைச் சொல்லியிருக்காது. மதுரை அம்மாள் சம்மதித்த பிறகே சோதனை. உறவு சரியென்றால், அப்பாவின் மாற்றாந்தாய்ச் சகோதரி என்ற முறையில் 850ஐ ஒட்டி வரவேண்டும், வந்தது. பாட்டி வேறு இனத்தவர் என்பதால் நம் கொண்டு கொடுத்த குழப்பமும் அதில் இல்லை.

காகிதமும் ஏமாற்றும், அதையும் சொல்ல வேண்டும். ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். வருஷத்தைப் பார்க்காமல் ஆளைத் தீர்மானிக்காதீர்கள். செட்டிநாடு என்றால் செட்டியார் மட்டுமில்லை. சமையலுக்கும் கணக்கெழுதவும் கூடப் போனவர்களின் வாரிசுகளும் தேடி வருகிறார்கள். அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பத்திரம், மொய் நோட்டு என்றுதான் போக வேண்டும்.

இல்லங்கள் வழியாகச் சட்டப்படி தத்துப் போனவர்களுக்குப் பாதை வேறு. மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவிடம், பிறந்த குடும்பத்தைத் தேடும் 'வேர் தேடலுக்கு' விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்தவர் தானே கேட்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து. பெற்றவர் தன் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று குழந்தையை ஒப்படைக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் விவரம் வராது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு, தேடிப் போனாலும் அந்த முனையில் பெயரே இருக்காது. அவர்களுக்கு மட்டும் நான் என் வரிசையைத் தளர்த்துகிறேன்: வேறு வழியில்லாதவர் பெரிய டேட்டாபேஸில் சேர்ந்து காத்திருப்பதில் தவறில்லை.

ஆளைக் கண்டுபிடித்தபின் செய்யும் நேரடிச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்து, டிஎன்ஏவில் குறியிடங்கள் எனப்படும் இருபது சொச்சம் இடங்களை ஒப்பிடும் சாதாரணச் சோதனை, பெற்றவர் பிள்ளை உறவுக்கு உறுதியான விடை தரும். தாத்தா, அத்தை, பாதி உறவுச் சகோதரர் என்று போனால் அதே சோதனை 'சொல்ல முடியவில்லை' என்றே பல நேரம் முடியும். அந்த உறவுகளுக்கு லட்சக்கணக்கான குறியிடங்களைப் பார்க்கும் சோதனை வேண்டும். ஆய்வகத்தில் பணம் கட்டுமுன் எது என்று கேளுங்கள். வீட்டில் எடுத்து அனுப்பும் மாதிரியை நீதிமன்றம் ஏற்காது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் கதவைச் சாத்துவதற்கு முக்கால்வாசிக் காரணம் சொத்து பயம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி தத்துப் போனவருக்குப் பெற்ற குடும்பத்தோடான சட்ட உறவு முடிந்துவிடுகிறது. தத்துக்கு முன்பே அவருக்குச் சேர்ந்துவிட்ட சொத்து தவிர, அங்கே பங்கு கேட்க முடியாது. பிறந்த வீட்டு முறையில் யாரைக் கட்டக்கூடாதோ அவரை இப்போதும் கட்டக்கூடாது என்ற தடை மட்டும் தொடரும். திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் விஷயம் வேறு, அது வழக்கறிஞர் வேலை. கோர்ட்டுக்குப் போனால் டிஎன்ஏ உத்தரவு தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு வாடிக்கையாக உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லிவிட்டது; டிஎன்ஏவுக்கும் அதுவே பொருந்தும்.

யாருக்கும் தெரியாமல் சீப்பு முடியையோ பல் தேய்க்கும் பிரஷையோ கொண்டு வருகிறார்கள். நான் வாங்குவதில்லை. உங்கள் மாதிரி ஒன்றே உங்கள் தம்பியையும் சித்தப்பா மக்களையும் காட்டிக் கொடுக்கும். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். டேட்டா எங்கே போகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தது 2023இல் வெளியே வந்தது. 2025 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. காரியம் முடிந்தால் கணக்கை அழித்து, மாதிரியையும் அழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, தொடர்பு கொள்ளும் விதம். ஒருவர் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று எழுதினார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டது. கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளையைப் பற்றித் தன் கணவரிடம்கூடச் சொல்லாத ஓர் அம்மாளை, கோயில் வாசலில் வைத்து ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் இப்போது எந்தப் போனையும் எடுப்பதில்லை.

கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலுறையில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கட்டும், விஷயம் உள்ளே இருக்கட்டும். சொத்து வேண்டாம் என்பதை நேராகவே எழுதலாம். என்ன வேண்டும் என்பதை, அதாவது ஒரு முறை பார்க்க வேண்டுமா, குடும்பத்தில் சர்க்கரை, இதய நோய் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா, ஒரு போட்டோ போதுமா என்பதை, தெளிவாக எழுதுங்கள். பதில் வராமலும் போகலாம். ஆறு மாதம் விட்டு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்ப உதவுவேன். அதற்கு மேல் எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுகிறேன்.