பாடத்திட்டத்தில் இல்லாத முதல் நாள்

அந்தச் சிறிய விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பட்டை நின்று கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு தீவுக்குக் கல்விப் பயணம் புறப்பட்ட 22 மாணவர்களில் 21 பேர் பெட்டிகளோடு வெளியே நின்றார்கள். ஒரு மாணவி மட்டும் வெறும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் வகை நீரிழிவு. ஒரு மாதத்துக்கான இன்சுலின் முழுவதும் வராத அந்தப் பெட்டிக்குள் இருந்தது. தீவுக்குப் படகு புறப்பட 50 நிமிடங்களே இருந்தன.

மதியச் சாப்பாட்டுக்கென்று கைப்பையில் வைத்திருந்த பேனா வடிவிலான ஒரேயொரு இன்சுலின் ஊசிதான் அன்று அவளைக் காப்பாற்றியது. துறைமுக ஊரில் மருந்துக் கடையைத் தேடி, மருத்துவச் சீட்டைக் காட்டி இன்சுலின் வாங்கிக்கொண்டு அடுத்த படகில் போய்ச் சேர்ந்தோம். பவளப் பாறைகளையும் அலையாத்திக் காடுகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்த திட்டக் கையேட்டில் பயண நாளுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: காலை புறப்பாடு, மாலை வந்து சேர்தல். பயண மருத்துவம் பார்க்கும் நான், மாணவர் குழுக்களோடு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் கண்ட சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரிக்குள்தான் நடந்தன.

எனவே மருந்து எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி தொலைந்துபோகும் என்பது மட்டும் காரணமில்லை. சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிப் பழைய நிலைக்கு வந்ததுபோலத் தோன்றினாலும் பயன்படாது. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், கடுமையான ஒவ்வாமைக்கான எபினெஃப்ரின் ஊசி, வலிப்பு மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அவற்றை மருந்தின் பெயர் அச்சிட்ட அசல் உறையிலேயே, மருத்துவச் சீட்டின் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைபாட்டுக்கான சில மாத்திரைகளும் வலிக்கும் இருமலுக்கும் தரப்படும் கோடீன் கலந்த மருந்துகளும் சில நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. சேரும் நாட்டில் மட்டுமல்லாமல், வழியில் விமானம் மாறும் நாட்டிலும் அவற்றுக்கு அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்துவிட வேண்டும்.

இவையெல்லாம் எழுதி வைத்துச் சரிபார்க்கக்கூடியவை. மாணவர்கள் சொல்லாமல் மறைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு திட்டத்தின் அறிமுகக் கூட்டத்தில் எல்லோருக்கும் உடல்நலப் படிவம் கொடுத்து, அங்கேயே நிரப்பித் தரச் சொன்னார்கள். பக்கத்தில் நண்பன் எட்டிப் பார்க்கும்போது தனக்கு வலிப்பு வருவதுண்டு என்று எந்த இளைஞன் எழுதுவான்? அன்று எழுதாத ஒருவன் கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் வந்து நின்றான். “சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?” என்று கேட்டான். அவன் வலிப்பு கட்டுக்குள் இருந்தது. ஆனால் தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. விடியற்காலை விமானம், நேர மண்டல மாற்றம், படகுக்காகக் காத்திருப்பு எனப் பயண நாளில் இவ்விரண்டும் சேர்ந்தே வரும். அவனுடைய மருத்துவரோடு பேசி, மாத்திரை வேளைகளைப் புறப்படும் ஊரின் நேரப்படியே ஒரு தாளில் குறித்துக் கொடுத்தோம். அவன் வந்தான், படித்தான், நலமாகத் திரும்பினான். படிவத்தைத் தனியே வாங்குங்கள். ‘உன்னைத் தடுக்க அல்ல, அழைத்துப்போகத்தான் கேட்கிறோம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது படகு. உட்காதின் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. கைபேசியைப் பார்க்கும் கண்ணோ ‘அசைவில்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அங்கே அமர்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டங்களும் வேண்டாம். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் வீண். புறப்பட அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றில் பல தூக்கம் வரவழைப்பவை. மாத்திரை போட்டவர் அருகில் போடாத ஒருவரை அமர்த்துங்கள். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடலில் அணிந்து, பட்டையைப் பூட்டியிருக்க வேண்டும்.

தீவில் இறங்கியதும் எல்லோர் கண்ணும் கடல் மேல்தான் இருக்கும். பைகளை வீசிவிட்டு நீரை நோக்கி ஓடுவார்கள். நான் மிகவும் அஞ்சுவது அந்த மாலை நேரத்துக்குத்தான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. விமான அறையின் வறண்ட காற்றிலும் படகு வாந்தியிலும் நீர்ச்சத்து ஏற்கெனவே குறைந்திருக்கும். புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அந்த நிலையில், அறிமுகமில்லாத கரையில், கரையிலிருந்து ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தில் சிக்கினால் நன்றாக நீந்துபவரும் தத்தளிப்பார். சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்தபடி கையசைத்து உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுவையிலிருந்து விலக வேண்டும். என் விதி ஒன்றே: முதல் நாள் யாரும் கடலில் இறங்கக் கூடாது. எத்தனை முகங்கள் வாடினாலும் இதை நான் தளர்த்தியதில்லை. மறுநாள் காலை, உள்ளூர் மீனவரோ உயிர்காவலரோ இடத்தைக் காட்டிய பிறகு இறங்கட்டும்.

கொசுவிரட்டி மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. படகுத்துறையில் காத்திருக்கும்போதே அதன் வேலை தொடங்கிவிடும். காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் தொடக் கூடாது.

திரும்பும் நாளும் பயண நாள்தான். ஆழ்கடல் முக்குளிப்பு உள்ள திட்டங்களில், ‘கடைசியாக ஒருமுறை’ என்று புறப்படும் நாள் காலையில் ஒரு முக்குளிப்பை வைத்துவிடுகிறார்கள். ஆழத்தில் உடல் திசுக்களில் கரைந்த நைட்ரஜன் வெளியேறி முடிவதற்குள் விமானம் ஏறினால், அறைக்காற்றின் அழுத்தம் குறையும்போது அது குமிழ்களாக மாறி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கலாம். ஒரே ஒரு சாதாரண முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல முக்குளிப்புகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது வழிகாட்டுதல். ஒரு நாள் முழுவதும் விடுவதையே நான் கேட்கிறேன். அதனால்தான் பயண அட்டவணை கைக்கு வந்ததும் முதலில் அதன் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறேன். இரண்டு முறை அங்கிருந்த முக்குளிப்பை முந்தைய நாள் காலைக்கு மாற்ற வைத்திருக்கிறேன்.