காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஒரு முதலீடு

சம்பாவுக்குப் பிறகு வரும் நவரை நெல் பட்டத்தில் கடலூர் மாவட்டம் புவனகிரி பக்கம் போனால், போர்வெல் தண்ணீர் வரப்பு வரை நிற்கும் வயல்களைப் பார்க்கலாம். தண்ணீர் நின்றால் களை அடங்கும், மனதுக்கும் நிம்மதி. ஆனால் நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சி வந்தாலே போதும்.

வயல் காய்ந்தால் மண்ணுக்குள் என்ன மாறுகிறது? நீர் மூடிய சேற்றில் காற்று நுழையாது, இருக்கும் ஆக்சிஜனும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகளின் ராஜ்ஜியம். மட்கும் தாளிலிருந்தும் வேர்க்கசிவிலிருந்தும் அவை மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயுவில் பெரும்பகுதி வெளியேறுவது நெற்பயிர் வழியாகத்தான். வேருக்கு ஆக்சிஜன் இறங்குவதற்காகத் தண்டில் இருக்கும் காற்றுக்குழல்களே மீத்தேனுக்குப் புகைபோக்கி ஆகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். வயலைக் கொஞ்சம் காயவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போகும், ஆர்க்கியா முடங்கும்.

எவ்வளவு காயலாம் என்பதற்கு ஓர் அடி நீளப் பிளாஸ்டிக் குழாய் போதும். கீழ்ப்பாதியில் துளையிட்டு 15 செ.மீ. ஆழம் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்போது மறுபடி பாய்ச்சினால் போதும், வேருக்கு ஈரம் இருக்கும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடவே கூடாது. யூரியாவை அளவாகப் பிரித்துப் போடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் ஈரமும் காய்ச்சலும் மாறும்போது நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பி, கிடைத்த லாபத்தில் பங்கு கேட்கும்.

சரி, இதில் பணம் எங்கே? தொடர்ந்து நீர் நிற்கும் தெற்காசிய வயலுக்கு, ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தரும் சராசரி, ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். பலமுறை காயவிட்டால் அது சுமார் 45 சதவீதம் குறையும். நூறு நாள் பயிர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு 15 கிலோ மீத்தேன், அதாவது சுமார் 400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமானது மிச்சம். இப்படிக் குறைத்ததற்குச் சான்றாகக் கிடைத்து, காசுக்கு விற்கக்கூடியதுதான் கார்பன் கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆக, ஒரு கிரெடிட்டுக்கு இரண்டரை ஏக்கர் வேண்டும். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக இறங்கினால், அளப்பதற்கும் பதிவு செய்வதற்கும் ஆகும் செலவே அதை விழுங்கிவிடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாக நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒன்றுசேர்ந்தால்தான் இது கட்டுப்படியாகும்.

என்னைக் கேட்டால், கிரெடிட்டைவிடப் பெரிய சொத்து தண்ணீர்தான். இந்த முறையில் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்துபவர் கையில் காசு மிஞ்சாது. ஆனால் கடலோர ஊர்களான கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் நிலத்தடி நன்னீர் மட்டம் இறங்கினால் கடல்நீர் உள்ளே ஏறும். அதைத் தடுப்பதன் பலன் ஊருக்கே சேர்கிறது. அதனால் செலவையும் பொதுப்பணம் ஏற்பதுதான் நியாயம்.

அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் லேசர் கருவி வைத்து நிலத்தைச் சமன் செய்வது. மேடுபள்ளமான வயலில் ஒரு மூலை வெடிக்கும்போது இன்னொரு மூலையில் தவளை நீந்தும். குழாய் காட்டும் அளவு அது நிற்கும் இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

சம்பாவில் இதைச் செய்வது கடினம். வடகிழக்குப் பருவமழை காயவிடாது. வீராணம் ஏரி வாய்க்காலில் வரும் தண்ணீரையும் தனி ஒருவர் நினைத்த நாளில் திறந்து மூட முடியாது. மோட்டார் சுவிட்ச் உழவர் கையில் இருக்கும் நவரையில்தான் தொடங்க வேண்டும்.