ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் போகாதீர்கள்

போன வாரம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை லாரியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்கலாம் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன வண்டி. பின்பக்க இடது பிரேக் டிரம்மின் விளிம்பு உடைந்திருந்தது. கூடவே வந்த கழற்றிய சக்கரத்தைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டயரின் பக்கவாட்டில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் இறங்கி, ஒரு விரல் நுழையும் ஆழத்துக்கு ரப்பர் கிழிந்திருந்தது. வண்டி உருண்டு கீழே இறங்கியபோது அடியில் இருந்த தம்பி, இடைஞ்சலாக இருக்கிறதே என்று முன்பே அந்தச் சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார், அதனால்தான் காறை எலும்பு முறிவோடு பிழைத்தார்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன் அண்ணா, கியர்லயும் விட்டிருந்தேன், எப்படி உருண்டுச்சுன்னே தெரியலை" என்றார். இதே வார்த்தைகளை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் காரில் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களையே நேராகப் பிடிக்கும். 1941இல் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பிலும், 1948இல் தொடங்கிய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும், அந்த வம்சத்தில் வந்த பலவற்றிலும் அப்படி இல்லை. அங்கே ஹேண்ட் பிரேக் டிரம் இருப்பது, கியர்பாக்ஸின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால். அது பிடிப்பது அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் சுழல்தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டும். ஷாஃப்ட் நின்றால் சக்கரமும் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இரண்டு பின் சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது சரி. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியே கதை மாறிவிடுகிறது. ஷாஃப்ட் அசையாமல் நிற்கும்போதே, இரண்டு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் வழியாகத் தரையில் இருக்கும் சக்கரம் முன்னால் உருளும், தூக்கிய சக்கரம் அதே அளவு பின்னால் சுற்றும். ஹேண்ட் பிரேக் முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கும், வண்டியும் நகரும். கியரில் விட்டாலும் இதே நிலைதான், ஏனென்றால் அந்தப் பிடிப்பும் அதே ஷாஃப்ட் வழியாகத்தான் போக வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் கிடந்தால் கியரில் விட்டதற்கு அர்த்தமே இல்லை.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் அசையாது. "கெட்டியாப் பிடிச்சிருக்கு" என்று நம்பி அடியில் போகிறார்கள். அதை அந்த நேரம் பிடித்து வைத்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமில்லை, தரையில் அழுந்தி நிற்கும் மறுபக்கச் சக்கரமும்தான். சந்தேகம் இருந்தால், முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலை இரண்டு ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, வெளியே நின்றபடியே ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். என்னிடம் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் காட்டும் முதல் பாடம் இதுதான்.

பின் ஷாஃப்டைக் கழற்றும் வேலையாக இருந்தால் இன்னும் மோசம். ஷாஃப்டை இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சில் நாலாவது போல்ட் வெளியே வந்ததும் ஹேண்ட் பிரேக் என்ற ஒன்றே வண்டியில் இல்லை. ஃபோர் வீல் போட்டிருக்கிறேன் என்பீர்கள். முன் சக்கரங்களை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் முன் ஹப் ஃப்ரீயில் (பிரிந்த நிலையில்) இருந்தால் அதுவும் பிடிக்காது.

ஆகவே, ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சமதளமான கெட்டித் தரை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், அவை விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும். பழைய சேஸிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும், மேலே பெயின்ட் பளபளக்கும், அதனால் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மந்தமாகச் சத்தம் வரும் இடத்தில் ஸ்டாண்டை வைக்காதீர்கள். முடிந்தவரை ஆக்ஸிலுக்கு அடியிலேயே வையுங்கள். எல்லாம் வைத்த பிறகு பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள், விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

வேறு சில விஷயங்களும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்முக்குள் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பெட்ரோல் டேங்க் காலிதானே என்று வெல்டிங் வைக்காதீர்கள், ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும், அதை அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பேட்டரியில் சேஸிஸோடு இணைந்த எர்த் வயரை முதலில் கழற்றுங்கள், பெரும்பாலும் அது நெகட்டிவ், சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டில் யாரும் இல்லாதபோது வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அந்தத் தம்பி வலியில் கத்தியது பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்ததால்தான் ஆள் வந்தது. அரை மணிக்கு ஒருமுறை வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்படி யாரிடமாவது சொல்லிவிட்டு, அதன் பிறகு ஸ்பேனரை எடுங்கள்.