காஸ்ட் போட்டு வார்னிங்கை மறைக்காதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை). தலைப்பு, "எல்லா வார்னிங்கும் கிளியர்", அதாவது கோட்டை இயந்திரக் கோட்டாக மாற்றும் கம்பைலர் காட்டிய எச்சரிக்கையெல்லாம் போய்விட்டதாம். உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புகள், ஒரே கமிட் (ஒரே தொகுப்பாகப் பதிந்த மாற்றம்), விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனங்களுக்குக் கோட் எழுதும் பிள்ளைகள் இப்போது நிறைய. புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் வந்து விழுவது இந்த வேலைதான்: "பழைய சி பிளஸ் பிளஸ் கோட், வார்னிங் ஆயிரக்கணக்கில் இருக்கு, ஒரு டூலை ஓட்டிச் சுத்தம் பண்ணுங்க." இதைச் சின்ன வேலை என்று நினைத்துக் கொடுக்கிறவர்கள் மேல்தான் எனக்கு முதல் கோபம். பழைய கோட்டை நன்றாகத் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை இது.

வார்னிங் எண்ணிக்கை பூச்சியமானால் கோட் திருந்திவிட்டது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நாளில் பறித்த கொழுந்தைக் கிராமில் கூட்டி, 16 பிட் ஷார்ட் மாறியில் போடும் ஒரு மென்பொருள் இருக்கிறது என்று வையுங்கள். அந்த மாறி தாங்கும் உச்சம் 32,767. அதாவது 32 கிலோ 767 கிராம். கொழுந்து கூடிய காலத்தில் ஒருவர் 33.5 கிலோ பறித்தால் மாறியில் நிற்கப்போவது −32,036. முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) விழவேண்டிய இடத்தில் அரைப்பேர் விழும். கன்வெர்ஷன் வார்னிங்கைப் போட்டிருந்தால் கம்பைலர் அந்த வரியைச் சரியாகக் காட்டிக்கொடுத்திருக்கும். உங்கள் ஸ்கிரிப்டோ ஏஐ உதவியாளரோ அங்கே என்ன செய்கிறது? ஒரு ஸ்டாடிக் காஸ்ட் போடுகிறது, அதாவது "இந்த வகைக்கு மாற்று" என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறது. வார்னிங் போய்விட்டது. மாறி இன்னமும் 16 பிட்தான், எண் இன்னமும் மைனஸ்தான். முன்பு கம்பைலராவது சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது "தெரிந்தே செய்தேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் அதுவும் பேசாது. சரியான திருத்தம் மாறியை 32 பிட் ஆக்குவது. அதோடு தரவுத்தளப் பத்தியையும் கோப்பு வடிவத்தையும் பார்க்கவேண்டும். அதை எந்த டூலும் உங்களுக்காகத் தீர்மானிக்காது.

மைனஸ் ஏற்கும் எண்ணை மைனஸ் ஏற்காத (அன்சைன்ட்) எண்ணோடு ஒப்பிடும்போது வரும் சைன்-கம்பேர் வார்னிங்கும் இப்படித்தான். இன்டை (int) அன்சைன்ட் வகையான சைஸ்-டி (size_t) ஆக மாற்றினால் போதும் என்கிறார்கள். கடைசியிலிருந்து பூச்சியம் வரை இறங்கும் லூப்பில் அதைச் செய்து பாருங்கள்: அன்சைன்ட் எண் பூச்சியத்துக்குக் கீழே போகவே போகாது, லூப் நிற்காது. தொடக்க மதிப்பு இல்லாத மாறிக்கெல்லாம் பூச்சியம் போடுவதும் ஆபத்து. மதிப்புக் கொடுக்க மறந்த பாதை அப்படியே இருக்கும், நினைவகப் பிழைகளைத் தேடும் வல்கிரைண்ட் கருவியாலும் இனி அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) சுவிட்சில் வெறும் டிஃபால்ட் சேர்த்தால், நாளை புதிய ஈனம் மதிப்பு வரும்போது கம்பைலர் உங்களுக்கு நினைவூட்டாது.

2006இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் நடந்தது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தொடக்க மதிப்பில்லாத நினைவகம் என்று வல்கிரைண்ட் முறையிட்டதால் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நூலகத்தில் ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு வரிகளை நீக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் தற்போக்குத் தரவை உள்ளே கலக்கும் வரி. அதன்பிறகு உருவான மறைகுறியாக்கத் திறவிகளுக்குத் தற்போக்காக ப்ராசஸ் எண் (ஓடும் நிரலின் எண்) மட்டுமே மிஞ்சியது, அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம்தான் வெளியே வந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு உருவாக்கிய திறவிகளையெல்லாம் மாற்றவேண்டியதாயிற்று.

டூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோட்டைச் சோதித்துத் திருத்தும் கிளாங்-டைடி அருமையான கருவி. ஓவர்ரைடு சேர்ப்பது, பழைய NULL என்பதை நல்பாயின்டர் (nullptr) ஆக்குவது, பயனில்லாத யூசிங் வரிகளை எடுப்பது போன்றவற்றை அதனிடமே விடுங்கள். ஆனால் முறையாகச் செய்யுங்கள். கம்பைலர் பதிப்பை மாற்றாமல் வைத்து, பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்துவிட்டு முழு பில்ட் எடுத்து, வார்னிங் லாக்கைச் சேமியுங்கள். பாதி பில்டில் பாதி வார்னிங்தான் தெரியும். லாக்கை வகைவாரியாகப் பிரியுங்கள். கிளாங்-டைடியின் எல்லாச் சோதனைகளையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள்: ஒரு கமிட்டுக்கு ஒரே வகை.

திருத்தங்களை நேரடியாகக் கோப்பில் எழுதவிடாதீர்கள். ஒரே நேரத்தில் ஓடும் பல ப்ராசஸ் ஒரே ஹெடரை (பல கோப்புகள் பகிரும் அறிவிப்புக் கோப்பை)த் தனித்தனியாகத் திருத்தினால் "ஓவர்ரைடு ஓவர்ரைடு" என்று இரண்டு முறை விழும். முதலில் திருத்தங்களைத் தனிக் கோப்புக்கு ஏற்றுமதி செய்து, பிறகு கிளாங்-அப்ளை-ரிப்ளேஸ்மென்ட்ஸ் கொண்டு ஒரே தடவையில் பொருத்துங்கள். மழை நாளில் ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனாலும் கோட் பாதி மாறிய நிலையில் நிற்காது.

அதன்பின் எல்லோரும் தவறவிடும் படி. டிபக் தகவல் இல்லாமல் முன்னும் பின்னும் பில்ட் செய்து, ஆப்ஜெக்ட்-டம்ப் (objdump, இயந்திரக் கோட்டைப் படிக்கும்படி காட்டும் கருவி) எடுத்து ஒப்பிடுங்கள். வரி எண்ணைப் பதிக்கும் அசர்ட் (டிபக் பில்டில் மட்டும் நிபந்தனையைச் சரிபார்ப்பது) போன்ற மேக்ரோக்கள் சின்ன வித்தியாசம் காட்டும், அது பரவாயில்லை. அதைத் தவிர இயந்திரக் கோட் ஒன்றாகவே இருந்தால் நிம்மதி. மாறியிருந்தால் அந்தக் கோப்பை மனிதர் ஒருவர் வரிவரியாகப் படிக்கவேண்டும், சாக்குச் சொல்லக்கூடாது.

ஒரு பில்ட் அமைப்பை மட்டும் பார்த்து எதையும் நீக்காதீர்கள். லினக்ஸில் பயன்படாத மாறி விண்டோஸ் கிளையில் பயன்படலாம். அசர்ட்டுக்குள் மட்டும் வரும் மாறி ரிலீஸ் பில்டில் "பயனற்றது" என்று தெரியும். அதை அழித்தால் டிபக் பில்ட் உடையும். அதற்கு மதிப்புக் கொடுக்கும் ஃபங்ஷன் அழைப்பையும் சேர்த்து அழித்தால் ரிலீஸில் ஒரு வேலையே நடக்காமல் போகும். சி பிளஸ் பிளஸ் 17இல் மேபி-அன்யூஸ்ட் ("பயன்படாமலும் போகலாம்" என்ற குறிப்பு) இதற்காகத்தான் இருக்கிறது.

வெளியார் நூலகங்களைத் தொடவே வேண்டாம். அவற்றின் ஹெடர்களை ஐ-சிஸ்டம் (-isystem) என்ற கம்பைலர் தெரிவு வழியாகச் சேர்த்தால் வார்னிங் வராது. ஒரு வார்னிங்கை அடக்கியே ஆகவேண்டுமென்றால் அந்த ஒரு வரியில், சோதனையின் பெயரோடு, காரணத்தையும் எழுதி அடக்குங்கள். முழுக் கோப்புக்கும் வார்னிங்கை அணைக்கும் ப்ராக்மா போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தம்பி, தங்கச்சிகளே, மேலிருந்து "இன்றைக்கே பூச்சியமாக்கு" என்று அவசரப்படுத்தினால், பூச்சியமாக்கிய வகைகளை மட்டும் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து பார்க்கும் அமைப்பில்) எரராக்கிவிட்டு, மீதியை லாக்கோடு காட்டி நேரம் கேளுங்கள். கன்வெர்ஷன் வகைக்கு வாரக்கணக்கில் எடுக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.