மலைச்சரிவில் தண்ணீரைத் தேக்காதீர்கள்

இந்தக் கடைபோகத்திலும், அதாவது ஆண்டின் கடைசிச் சாகுபடியிலும், அதே கதைதான். நீலகிரியில் கேத்திப் பக்கம் மேல் நிலத்துக்காரர் ஓடையை மூடி இரண்டு கேரட் பாத்தி கூட்டியிருந்தார். மழை வந்தது. போக வழியில்லாத தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு, கீழ் நிலத்தில் அறுவடைக்கு நின்ற கேரட்டையும் மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. "பேய்மழை சார், யார் என்ன பண்ண முடியும்?" என்கிறார்கள். நிலவளப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு இந்தப் பதிலைக் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது.

மழை பெரிதுதான், மறுக்கவில்லை. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பகுதி நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் அதே மழையில் ஒரு நிலம் நிற்கிறது, பக்கத்து நிலம் சரிகிறது. நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் வித்தியாசம் வடிகாலில்தான் இருந்தது.

இப்போது எல்லோரும் சொல்லும் ஒரு யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: "மழைநீரைத் தேக்கினால் மண் காப்பாற்றப்படும்." சமவெளிக்கு அது நல்ல யோசனை. திண்டுக்கல்லில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொல்வார்? நீலகிரியின் செங்குத்துச் சரிவில் அதையே செய்தால் ஆபத்து. இங்கே பாறைக்கு மேல் ஆழமான செம்மண். அதற்குள் தண்ணீர் இறங்க இறங்க மண்ணின் எடை கூடும், பிடிமானம் குறையும். வீட்டுக்கோ சாலைக்கோ மேலே நீளமாகக் குழி வெட்டி நீரை நிறுத்துவது, சரியக் காத்திருக்கும் மண்ணுக்கு நாமே தண்ணீர் ஊற்றுவதுதான். பல நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு இதைச் செய்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். "மரம் நட்டிருக்கிறேனே" என்பதும் போதாது. வேர் போகும் ஆழத்துக்குக் கீழே மண் சரியத் தொடங்கினால் மரமும் சேர்ந்தே இறங்கும்.

அதற்காக மேலிருந்து கீழாகப் பாத்தி போடலாம் என்று அர்த்தமில்லை. கிழங்கு அழுகாது என்பதற்காக அப்படிப் போடுகிறார்கள். மேல்மண் போய்க் குந்தா அணையில் வண்டலாகப் படிகிறது. சரியான வழி பழையதுதான்: சரிவுக்குக் குறுக்கே படிக்கட்டு மாதிரி வெட்டிய படிமட்டம், ஒவ்வொரு படியும் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், உள் ஓரத்தில் 100 அடிக்கு 1 அடி வாட்டத்தில் வாய்க்கால். அந்த நீர் கல் பாவிய அல்லது புல் வளர்ந்த ஓடையில் விழ வேண்டும். ஓடை பொது வழி. அதை மூட யாருக்கும் உரிமையில்லை. சரிவு 33 சதவீதத்தைத் தாண்டினால் காய்கறியே வேண்டாம், தேயிலையோ புல்லோ இருக்கட்டும். தடுப்புச்சுவர் கட்டினால் நீர் கசிய துளை விடுங்கள். துளையில்லாத சுவர்களை இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், பார்க்கவே பதறுகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே வாய்க்காலைத் தூர்வாருங்கள். நிலத்தின் மேற்பகுதியில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்ந்த கம்பம் தெரிந்தால் பயிரை மறந்துவிட்டு வெளியேறுங்கள். பக்கத்து லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருப்பவர்களையும் எழுப்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

சரிந்த பிறகு அடிவாரத்து மண்ணை ஜேசிபி வைத்து அள்ளாதீர்கள், மேலே தொங்கும் மண்ணுக்கு அதுதான் முட்டு. வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போட்டு, மேலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடுங்கள்.

அப்புறம், சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள்! பயிர்க் காப்பீடு உள்ளவர்கள் நிலச்சரிவு, ஆலங்கட்டி மழைச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 14447 எண்ணில் சொல்லலாம். வங்கி பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருந்து நாள் கடத்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அரசு நிவாரணத்துக்குப் பயிர்ச்சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும், கணக்கெடுக்க வரும்போது காட்ட அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவு, வேண்டும். குத்தகைக்குக் கேரட் போடுகிறவர்கள்தான் இங்கே கையில் காகிதமில்லாமல் நிற்கிறார்கள். நிலத்துக்காரரே, விதைக்கும் மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் குத்தகைக்காரரின் பயிரைப் பதிய ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.